ஐந்து நாளில் இமயமலைக் கிராமம்: சித்குல் வேண்டுமா, ஷோஜா போதுமா?

கோவைக்காரன்
வணக்கம் நண்பர்களே. நவம்பர் முதல் வாரம், வியாழன் காலை கிளம்பி திங்கள் இரவுக்குள் வீடு திரும்பணும். நான், மனைவி, தம்பி, அம்மா என நாலு பேர். அம்மாவுக்கு 64 வயது, பிபி மாத்திரை எடுக்கிறார், மெதுவாக நடப்பார். ஹாரன், ஸ்பீக்கர், செல்ஃபி கூட்டம் இல்லாத சின்ன மலைக் கிராமமாக இருந்தால் போதும். ஹிமாச்சலில் உள்ள சித்குல் என்று முடிவு செய்து வைத்திருக்கிறோம். சண்டீகர் வரை விமானம், அங்கிருந்து டாக்ஸி. தம்பிக்கு ட்ரௌட் மீன் பிடிக்க ஆசை. இந்தக் கணக்கு சரியா வருமா?

தேவதாரு
வராது. சண்டீகரிலிருந்து சித்குல் ஏறக்குறைய 350 கி.மீ. சமவெளியில் அது ஏழு மணி நேரம். சிம்லா தாண்டி நார்கண்டா, ராம்பூர், கர்ச்சம், சாங்லா வழியாகப் போகும்போது ஒரே நாளில் முடிக்க நினைத்தால் கடைசி 40 கி.மீ. இருட்டில் வரும். கர்ச்சத்திலிருந்து மேலே ஏறும் அந்தப் பகுதிதான் ரோட்டிலேயே மோசமானது; ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாஸ்பா ஆறு. ஆகவே போக இரண்டு நாள், வர இரண்டு நாள். உங்களிடம் இருப்பதே ஐந்து.

அடுத்தது உயரம். சித்குல் 3,450 மீட்டர். கோவையிலிருந்து கிளம்பிய மறுநாள் அம்மாவை அங்கே தூங்க வைப்பது சரியல்ல. இடையில் சாங்லாவிலோ கல்பாவிலோ ஒரு ராத்திரி தங்கி உடம்பைப் பழக்கணும். அதையும் சேர்த்தால் எட்டு நாள் பயணம். நவம்பரில் குழாய்த் தண்ணீர் உறையத் தொடங்கும், அங்கே பல விடுதிகள் கதவைச் சாத்திவிடும். 2021 ஆகஸ்டில் நிகுல்சாரியில் மலை சரிந்து ஓடும் பஸ்ஸைப் புதைத்ததும் இதே ரோட்டில்தான். அங்கே அடைப்பு வந்தால் ஒரு நாள் போய்விடும், உங்கள் கணக்கில் அந்த ஒரு நாள் இல்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்தால் பனிமலை வரிசை தெரியணுமா, இல்லை காட்டுக்குள் இருக்கிற மாதிரி இருந்தால் போதுமா? இரண்டுக்கும் ஊர் வேறு.

நீலகிரி மணி
தேவதாரு கேட்டதுதான் முக்கியம். முக்கால்வாசிப் பேர் இதை யோசிக்காமல் புக் பண்ணிட்டு, அங்கே போய் "பனி எங்கே?"ன்னு கேக்கிறாங்க.

பனிமலைதான் வேணும்னா ஹிமாச்சலை விடுங்க, உத்தராகண்டில் குமாவூன் பக்கம் முக்தேஷ்வர் போங்க. உயரம் 2,285 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டி அளவு. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. மழைக்காலம் முடிஞ்சு வானம் தெளிஞ்சதும் திரிசூல், நந்தாதேவி எல்லாம் வரிசையா நிக்கும். ஆனா காலை 10 மணிக்குள்ள பாத்துடணும், அப்புறம் மேகம் மூடிடும். வழி ரொம்ப சுலபம்: டெல்லி வரை விமானம், காலையில் புதுடெல்லியிலிருந்து கத்கோதாம் சதாப்தி ரயில், மதியத்துக்குள்ள இறங்கிடலாம். அங்கிருந்து 60 கி.மீ. சொச்சம், டாக்ஸியில் மூணு மணி நேரம். ராணிகேத் எக்ஸ்பிரஸும் உண்டு, ஆனா அது ஜெய்சல்மேரிலிருந்து வர்ற வண்டி. லேட்டாச்சுன்னா நடுராத்திரியில டெல்லி பிளாட்பாரத்துல உக்காந்திருக்கணும்.

காடு, ஆறு, மர வீடு போதும்னா ஷோஜா. அதைப் பத்தி இங்கே என்னை விடத் தெரிஞ்சவங்க இருக்காங்க.

கோவைக்காரன்
காடு போதும். அம்மாவுக்கும் மனைவிக்கும் அதுதான் பிடிக்கும். ஷோஜா எங்கே இருக்கிறது? ஜிபி என்று எல்லா ரீல்ஸிலும் வருகிறதே, அதுவா?

பஞ்சார் வழி
ஜிபிக்கு மேலே ஏழு கி.மீ. குல்லு மாவட்டத்தில் பஞ்சார் வட்டம். மண்டியிலிருந்து மணாலி போகும் நெடுஞ்சாலையில் அவுட் (Aut) என்ற ஊரின் சுரங்கத்துக்குச் சற்று முன்பு வலப்பக்கம் ஒரு ரோடு பிரியும். அதுதான் தேசிய நெடுஞ்சாலை 305. லார்ஜியில் பியாஸ், சைஞ்ச், தீர்த்தன் மூன்று ஆறுகளும் சேரும். அங்கிருந்து தீர்த்தன் ஓரமாகப் போனால் பஞ்சார், பிறகு ஜிபி, ஷோஜா, கடைசியில் ஜலோரி கணவாய். அவுட்டிலிருந்து ஷோஜா 45 கி.மீ.க்குள்தான், ஆனாலும் இரண்டு மணி நேரம் வையுங்கள்.

உயரக் கணக்கு: ஜிபி சுமார் 1,900 மீட்டர், ஷோஜா 2,600 சொச்சம், ஜலோரி 3,120. நம் தொட்டபெட்டா உச்சி 2,637. தொட்டபெட்டா மேலேயே படுத்துத் தூங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் தேதியில் உள்ள கோளாறு. வியாழன்–திங்கள் வேண்டாம். வெள்ளி இரவு டெல்லியிலும் சண்டீகரிலும் கிளம்பும் வண்டிகள் சனிக்கிழமை காலை ஜிபியில் வந்து குவியும். ஒரு வண்டி அகல ரோட்டில் இரண்டு பக்கமிருந்தும் கார். ராத்திரி ஆற்றோரம் தீ மூட்டி ஸ்பீக்கர் வைப்பார்கள். ஞாயிறு மதியத்தோடு ஊர் காலி. திங்கள் முதல் வியாழன் வரை அதே ஜிபியில் ஆற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். லீவை ஞாயிறு–வியாழன் என்று மாற்ற முடிந்தால் பாதி வேலை முடிந்தது. தீபாவளி வாரமா என்றும் பாருங்கள். விஜயதசமி அன்று தொடங்கி ஏழு நாள் நடக்கும் குல்லு தசராவில் மாட்டினால் அறையும் கிடைக்காது, ரோடும் நகராது. நவம்பருக்குள் அது முடிந்துவிடும்.

கோவைக்காரன்
லீவு மாற்றிவிடலாம். டெல்லி–மணாலி வால்வோவில் ராத்திரி ஏறி அவுட்டில் இறங்கினால் ஒரு நாள் மிச்சமாகுமே?

கியர்பாக்ஸ்
காகிதத்தில் மிச்சம். டெல்லியில் சாயங்காலம் ஏறினா விடியறதுக்கு முன்னாடியே அவுட் வந்துடும். கீரத்பூர்–நேர்ச்சௌக் நாலுவழிச் சாலை திறந்த பிறகு பஸ் இன்னும் சீக்கிரம் வருது. பஸ் சீக்கிரம் வந்தா நமக்கு லாபம்னு நினைக்காதீங்க. நாலு மணி இருட்டில் குளிரில் இறக்கி விட்டுட்டு போய்டுவான், டீக்கடைகூட திறந்திருக்காது. முன்கூட்டியே டாக்ஸி சொல்லி வைக்காம பெரியவங்களோட இப்படி இறங்காதீங்க. கண்டக்டர் கிட்ட "பஞ்சார் மோட்" (பஞ்சார் திருப்பம்)னு முதல்லயே சொல்லணும். சொல்லலைன்னா சுரங்கம் தாண்டி இறக்குவான், பெட்டியோட திரும்பி வரணும்.

வளைவு ஒத்துக்காதவங்க கடைசி வரிசையில உக்காரவே கூடாது. அது பின் அச்சுக்குப் பின்னாடி தொங்குற இடம், ஒவ்வொரு வளைவுக்கும் பெரிசா ஆடும். இரண்டு அச்சுக்கும் நடுவுல இருக்கிற சீட் எடுங்க.

என் ஓட்டு பகல் டாக்ஸிக்கு. சண்டீகர்–அவுட் ஆறு மணி நேரத்துக்குள்ள. ஆனா கோவை விமானம் மதியம்தான் சண்டீகர் சேரும்னா அன்னைக்கே ஷோஜா ஏற வேண்டாம், மண்டியில் தங்கிடுங்க. நவம்பர்ல 5:30க்கு சூரியன் மறைஞ்சுடும். பள்ளத்தாக்குக்குள்ள நாலு மணிக்கே வெயில் போயிடும்.

பேரம் பேசும்போது இந்த நாலையும் கேட்டு வாங்குங்க: ஹிமாச்சல் நுழைவு வரி, சுங்கம், டிரைவர் இரவுப்படி, திரும்பி வர்ற காலி வண்டிக் கட்டணம். நாலும் சேர்த்த தொகைன்னு வாட்ஸ்அப்பில் எழுத்தா வாங்கிக்கோங்க. மூணு நாள் அங்கே சும்மா நிக்கப் போற காருக்கு தினக் கட்டணம் தர்றது வீண். போக ஒண்ணு, வர ஒண்ணு, நடுவில் கணவாய்க்கு ஜிபி லோக்கல் டாக்ஸி. இதுதான் மலிவு.

கோவைக்காரன்
தம்பி "செல்ஃப் டிரைவ் எடுத்தால் நானே ஓட்டுவேன்" என்கிறான். கொடைக்கானல், வால்பாறை எல்லாம் ஓட்டியிருக்கிறான்.

கியர்பாக்ஸ்
ஷோஜா வரைக்கும் ஓட்டலாம். அதுக்கு மேல ஜலோரி ஏத்தம் வால்பாறைக் கொண்டை ஊசி மாதிரி இல்லை. வளைவு கம்மி, சரிவு அதிகம், ரோடு பல இடத்துல பெயர்ந்து கிடக்கும். நாலு பேர், பெட்டிகளோட 1.2 லிட்டர் பெட்ரோல் காரை இரண்டாம் கியரில் கொண்டுபோனா நடுவழியில மூச்சு வாங்கும். ஒவ்வொரு இடத்திலும் அரை கிளட்ச்சில் தாங்கினா பத்து நிமிஷத்துல கிளட்ச் பிளேட் வாசனை வரும். வாசனை வந்ததும் நிறுத்தி ஆற விடுங்க, தொடர்ந்து ஏத்தினா அங்கேயே நின்னுடும். சரியான முறை: ஏத்தம் தொடங்குறதுக்கு முன்னாடியே முதல் கியர், கால் கிளட்ச்சை விட்டு முழுசா எடுக்கணும், ஏசி ஆஃப், எதிரில் வண்டி வந்தா அகலமான இடத்திலேயே காத்திருங்க. நடு ஏத்தத்தில் நின்னுட்டா ஹேண்ட்பிரேக் பிடிச்சுத்தான் திரும்ப எடுக்கணும்.

இறக்கம் இன்னும் ஆபத்து. ஏறின கியரிலேயே இறங்கணும். நியூட்ரலில் விட்டு பிரேக்கிலேயே காலை வெச்சுட்டு வந்தா பிரேக் சூடாகிப் பிடிக்காம போகும். காலையில் 9 மணிக்கு முன்னாடி மேலே போகாதீங்க. நிழல் விழுற வளைவில் ஊத்துத் தண்ணி ரோட்டில் ஓடி ராத்திரி உறைஞ்சு கிடக்கும். பனியா தெரியாது, ஈரத் தார் ரோடு மாதிரியே இருக்கும். டயர் ஏறினதும் வண்டி தானா நகரும்.

பெட்ரோலை மண்டியிலேயே நிரப்புங்க. வாடகை காரா இருந்தா நம்பர் பிளேட் பாருங்க: கறுப்பில் மஞ்சள் எழுத்துன்னா செல்ஃப் டிரைவுக்கு அனுமதி வாங்கினது. வெள்ளை பிளேட் காரை வாடகைக்குக் குடுத்தா அது சட்டப்படி செல்லாது. போலீஸ் பிடிச்சா பயணம் அங்கேயே முடிஞ்சது.

ஸ்டெத்
உயரம் பற்றி, அம்மாவுக்காக. மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தூங்கும்போதுதான் தலைகாட்டும். ஷோஜா அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே. முதல் ராத்திரி லேசான தலைவலி, தூக்கம் கலைவது சகஜம். தண்ணீர், ஓய்வு, தேவைப்பட்டால் பாராசிட்டமால். தலைவலியோடு வாந்தி வந்தாலோ நடை தள்ளாடினாலோ விடியும்வரை காத்திருக்காமல் கீழே இறக்கவும். ஷோஜாவில் இதற்கு ஒரு வசதி உண்டு: அரை மணி நேரத்தில் ஜிபி வந்தால் 700 மீட்டர் குறைந்துவிடும். சித்குலில் அவ்வளவு இறங்க சாங்லா வரை போகணும்.

மலைநோய் வராமலிருக்கப் போடும் அசெட்டசோலமைடு மாத்திரை இந்த உயரத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. யாராவது சொன்னார்கள் என்று வாங்கிப் போட வேண்டாம். சல்பா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது, இதுவும் நீர் பிரிக்கும் மருந்துதான், பிபி மாத்திரையில் அப்படி ஒன்று ஏற்கெனவே கலந்திருக்கலாம். மருத்துவரிடம் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும், ஆகவே மாத்திரை வேளை தவறக் கூடாது. இரண்டு செட் எடுத்து ஒன்றைக் கைப்பையில் வையுங்கள். வளைவில் வரும் குமட்டலுக்கு அவோமின் மாத்திரை, வண்டி ஏற அரை மணி முதல் ஒரு மணி முன்பு. ஓட்டுபவர் மட்டும் போடக் கூடாது, தூக்கம் வரும். முதல் இரண்டு ராத்திரி மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். அவசரம் என்றால் பஞ்சாரில் சிவில் மருத்துவமனை, பெரிதென்றால் குல்லு.

பஞ்சார் வழி
இனி அறை. இந்த விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போட்டோவில் பால்கனி அழகாக இருக்கும், அந்த பால்கனிக்குப் போக 120 படி இருக்கும். ஷோஜாவில் வீடுகள் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. ரோட்டிலிருந்து அறைக்கு எத்தனை படி, பெட்டியை யார் தூக்குவார்கள் என்று போன் போட்டுக் கேளுங்கள். "பாஸ் ஹீ ஹை, பக்கத்துலதான்" என்ற பதிலை நம்ப வேண்டாம். ரோட்டிலிருந்து வாசல் வரை நடந்து ஒரு வீடியோ அனுப்பச் சொல்லுங்கள், அனுப்புவார்கள்.

அடுத்து சூடு. மர வீட்டில் பலகை இடுக்கில் காற்று வரும், நவம்பர் இரவில் 5 டிகிரிக்குக் கீழே போகும். கேட்க வேண்டியது: அறையில் தந்தூர் உண்டா? தந்தூர் என்றால் இங்கே ரொட்டி அடுப்பு இல்லை, புகைக்குழாய் கூரைக்கு வெளியே போகும் இரும்பு விறகு அடுப்பு. விறகு தனிக் காசா என்றும் கேளுங்கள். மின் கம்பளம் இருந்தால் படுக்க அரை மணி முன்பு போட்டு, படுக்கும்போது அணைத்துவிடலாம். கரண்ட் போனால் அதுவும் இல்லை, ஆகவே இரண்டாவது ரஜாய் (பஞ்சுப் போர்வை) முதல் நாளே வாங்கி வையுங்கள்.

கரி போட்ட அங்கீட்டியை (கணப்புச் சட்டியை) மட்டும் மூடிய அறைக்குள் கொண்டுவரவே கூடாது. வீட்டுக்காரர் அன்பாகக் கொண்டுவந்து வைத்தாலும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். கரி கனலும்போது புகை இருக்காது, வாடையும் இருக்காது. கார்பன் மோனாக்சைடு மட்டும் சேரும். தூக்கத்தில் தலை கனப்பதுகூடத் தெரியாது. ஒவ்வொரு குளிர்காலமும் வட இந்தியாவில் குடும்பம் குடும்பமாகச் சாகிறார்கள்.

கீசர் 15 லிட்டராகத்தான் இருக்கும். நாலு பேர் வரிசையாகக் குளித்தால் மூன்றாவது ஆளுக்கு வெதுவெதுப்பு, நாலாவது ஆளுக்குப் பனி. மதியம் வெயிலில் குளிப்பதுதான் அறிவு.

மீன்கொத்தி
தம்பிக்கு: ஹிமாச்சலில் ட்ரௌட் ஆறுகளில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய மீன்பிடித் தடை, அது இனப்பெருக்கக் காலம். மற்ற மாதங்களில் மீன்வளத் துறை அனுமதிச் சீட்டோடு பிடிக்கலாம், உங்கள் தேதியில் சீட்டே தர மாட்டார்கள். "நான் ஏற்பாடு பண்றேன்" என்று எவனாவது சொன்னால் மாட்டுவது நீங்கள்தான். பண்ணைகளில் வளர்க்கும் ட்ரௌட் சாப்பிடக் கிடைக்கும்.

நீலகிரி மணி
சாப்பாடு: அரிசிச் சோறு, ராஜ்மா, கடி (கடலைமாவு போட்ட மோர்க்குழம்பு) எல்லா வீட்டிலும் உண்டு. சாம்பார் கேக்காதீங்க, வர்றது சாம்பாரா இருக்காது. சித்து கண்டிப்பா சாப்பிடணும். கோதுமை மாவைப் புளிக்க வெச்சு, உள்ளே வால்நட் இல்லை கசகசா பூரணம் வெச்சு ஆவியில வேக வெச்ச கொழுக்கட்டைன்னு சொல்லலாம், உருக்கின நெய்யில தோய்ச்சுத் தருவாங்க. மாவு புளிக்க நேரம் வேணும், குளிர்ல இன்னும் அதிகம். அதனால முதல் நாள் ராத்திரியே சொல்லிடணும். அம்மாவுக்கு மென்மையா இருக்கும்.

பணம்: யூபிஐ நெட்வொர்க்கை நம்பி. கணவாயில டீ குடிக்கக்கூட ரொக்கம் வேணும். பஞ்சார் ஏடிஎம்ல சில நாள் பணம் இருக்காது, மண்டியிலேயே எடுத்துடுங்க. ஹிமாச்சல்ல ப்ரீபெய்ட் சிம் வேலை செய்யும், காஷ்மீர் மாதிரி தடை இல்லை.

தேவதாரு
நடப்பதற்கு இரண்டு இடம் போதும், மூன்றாவதைச் சேர்க்காதீர்கள்.

ஒன்று செரோல்சர் ஏரி. ஜலோரி கணவாயிலிருந்து ஒரு வழி 5 கி.மீ., பெரும்பாலும் சமமான காட்டுப் பாதை, கருவாலி (ஓக்) மரங்களுக்கு நடுவே. போய்வர நாலு ஐந்து மணி நேரம். ஏரிக்கரையில் பூடி நாகின் கோயில். ஏரியும் வழிபாட்டு இடம்தான், கால் நனைக்கக் கூடாது. காலை 9:30க்குக் கணவாயில் தொடங்கினால் இரண்டு மணிக்குத் திரும்பலாம். அம்மா முதல் ஒரு கி.மீ. நடந்து, திரும்பி வந்து கணவாய் தாபாவில் வெயிலில் உட்காரட்டும். எதிர்ப்பக்கம் ரகுபூர் கோட்டைப் பாதை தூரம் குறைவு, ஆனால் செங்குத்து, அவருக்கு வேண்டாம்.

இரண்டு, ஜிபி அருகே செஹ்னி கோட்டி. தேவதாரு உத்தரமும் கல்லும் மாற்றி மாற்றி அடுக்கிய கோபுரம், காட்-குனி என்பார்கள். சாந்து கிடையாது. நிலம் ஆடும்போது கல் அடுக்கு நழுவாமல் மர உத்தரங்கள் இழுத்துப் பிடிக்கும், மொத்தமும் கொஞ்சம் அசைந்து பழைய இடத்துக்கு வரும். 1905 காங்க்ரா நிலநடுக்கத்தில் மேல் அடுக்குகள் போயின, மிச்சம் இன்னும் நிற்கிறது. அருகில் போய் மூலையைப் பாருங்கள்: உத்தரங்களின் முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, தீப்பெட்டிக் குச்சி அடுக்கியதுபோல் இருக்கும். ஏணியில் ஏற முயலக் கூடாது, மேலே தெய்வம் இருப்பதாக ஊர் நம்பிக்கை. கோயில் முற்றத்தில் தோல் பெல்ட், பர்ஸ் கூடாது என்பார்கள், கேட்டுக்கொண்டு நுழையுங்கள்.

கோவைக்காரன்
அருமை. இப்படி முடிவு செய்திருக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்: ஞாயிறு சண்டீகர், இரவு மண்டி. திங்கள் மதியம் ஷோஜா. செவ்வாய் செஹ்னி கோட்டி. புதன் ஜலோரி, செரோல்சர். வியாழன் காலை 9க்குக் கிளம்பி மாலை 5:30 விமானம்.

கியர்பாக்ஸ்
கடைசி வரி தப்பு. ஷோஜா–அவுட் 2 மணி, அவுட்–சண்டீகர் 6 மணி, சாப்பாட்டுக்கு ஒண்ணு. 9க்குக் கிளம்பினா 6 மணிக்குத்தான் விமான நிலைய வாசல், அதுக்குள்ள விமானம் பறந்திருக்கும். 8 மணிக்கு மேல விமானம் இருந்தா அதை எடுத்து, ஷோஜாவில் 7 மணிக்குக் கிளம்புங்க. இல்லைன்னா வியாழன் சண்டீகரில் தங்கி வெள்ளி காலை விமானம். மண்டி–அவுட் நடுவில் பண்டோ பக்கம் மழைக்காலச் சரிவு நவம்பரிலும் சில சமயம் அடைக்கும், நாலுவழி வேலையும் நடக்குது. அடைச்சா அவுட்டிலிருந்து பஜௌரா போய், கட்டௌலா வழியா மண்டி இறங்கலாம். சின்ன வண்டிக்கு மட்டும், கூடுதலா இரண்டு மணி நேரம். 5:30 விமானத்தில் அந்த இரண்டு மணிக்கு இடமே இல்லை.

பஞ்சார் வழி
செவ்வாயையும் புதனையும் கல்லில் எழுத வேண்டாம். ஜலோரியில் நவம்பரிலேயே ஒரு நாள் பனி விழலாம், விழுந்தால் ரோட்டை அன்றைக்கு மூடுவார்கள். திங்கள் சாயங்காலம் வீட்டுக்காரரிடம் வானிலை கேளுங்கள். செவ்வாய் தெளிவு என்றால் கணவாயைச் செவ்வாய்க்கு முன்னே தள்ளி, கோட்டியைப் புதனுக்கு வையுங்கள். அம்மாவுக்குத் தலைவலி இல்லை என்றால் மட்டும்.

கோவைக்காரன்
வியாழன் இரவு சண்டீகர், வெள்ளி காலை விமானம் என்று மாற்றிவிட்டேன். ஷோஜா வீட்டுக்காரரிடம் படி வீடியோ கேட்டேன், வந்தது. 34 படி, நடுவில் ஒரு திண்ணை. தந்தூர் உண்டு, விறகு தனி. தூண்டில் வீட்டிலேயே இருக்கும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். கேட்க மறந்துவிட்டேன், சித்துவைத் திங்கள் போய் இறங்கியதும் சொன்னால் செவ்வாய் காலைக்கு வந்துவிடுமா?

நீலகிரி மணி
செவ்வாய் மதியம் வரும். காலையிலேயே வேணும்னா ஞாயிறு மண்டியிலிருந்தே போன்ல சொல்லிடுங்க.